கதாபாத்திரம் கீழ்ப்படிய மறுக்கும்போது

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இருபத்திரண்டு வயதிலே, தலை நரைத்த பெரியோர் முன்வரிசையில் வீற்றிருக்கும் சபையொன்றில் நின்று இலக்கியம் பேசுவது துணிச்சலான காரியந்தான். ஆயினும், இவ்வாண்டு சர்வகலாசாலை மாணவர் ஒருவரைப் பேசவிடுவோம் என்று தீர்மானித்தவர்கள் நீங்களே. ஆகவே குற்றத்தில் பாதி உங்களைச் சாரும் என்ற தைரியத்தோடு தொடங்குகிறோம்.

நாவலாசிரியர் ஒருவர் ஒரு கதாபாத்திரத்தைப் படைக்கிறார். பெயர் வைக்கிறார், ஊர் கொடுக்கிறார், இவன் இன்னது செய்வான், இறுதியில் இன்ன கதியை அடைவான் என்று திட்டமும் வகுத்துக்கொள்கிறார். சில அத்தியாயங்கள் சென்றபின், அந்தப் பாத்திரம் திட்டத்தை ஒதுக்கிவிட்டுத் தன் வழியே நடக்கத் தொடங்குகிறது. படைத்தவர் பேனாவும் கையுமாகப் பின்னால் ஓடவேண்டியதாகிறது. எழுத்தாளர் பலர் இப்படிச் சொல்லியிருக்கின்றனர். இது மெய்தானா? மெய்யானால் எவ்வாறு நிகழ்கிறது? ஊவா மலைச்சாரலிலே பிறந்து வளர்ந்த நமக்கு இதனால் ஆவதென்ன? இம்மூன்று வினாக்களே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பிறநாட்டுச் சான்று ஒன்றைப் பார்ப்போம். ருஷிய தேசத்து டால்ஸ்டாய் 1870களிலே "அன்னா கரீனினா" என்னும் நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அதிலே விரான்ஸ்கி என்ற இராணுவ வீரன் பிறன் மனைவியாகிய அன்னாவைக் காதலிக்கிறான். அவள் நோயுற்று மரணத்தறுவாயில் கிடக்கும்போது அவளது கணவனை எதிர்ப்பட்டு, அவன் காட்டிய பெருந்தன்மையின் முன் வெட்கிக் குன்றி வீடு திரும்புகிறான். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்து நெடுநாள் கழித்துத் திருத்தியபோது, தாம் சற்றும் எதிர்பாராத வண்ணம் விரான்ஸ்கி தன்னைத்தானே சுட்டுக்கொண்டான் என்று 1876ஆம் ஆண்டில் தம் நண்பர் ஸ்திராகவுக்கு டால்ஸ்டாய் கடிதம் எழுதினார். அது மட்டுமன்று; பின்னால் வரும் கதைக்கு அந்தச் செயல் இன்றியமையாததாக அமைந்துவிட்டது என்றும் அவர் கண்டார். படைத்தவனுக்குத் தெரியாத ஒன்று பாத்திரத்துக்குத் தெரிந்திருந்தது போலும்!

ஒருவர் இருவர் சொன்னால் கற்பனை மிகுதி என்று தள்ளிவிடலாம். ஆனால் உளநூல் அறிஞர் இதை எண்ணிக் கணக்கிட்டும் பார்த்துவிட்டனர். அமெரிக்காவிலே ஒரிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் கதை எழுதுவோர் 50 பேரை விசாரித்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 92 பேர் ஏதோ ஓரளவில் இவ்வனுபவம் தமக்கு நேர்ந்ததாகக் கூறினர். பின்னர் எடின்பரோ புத்தக விழாவுக்கு வந்த எழுத்தாளர் 181 பேரிடம் டர்ஹாம் சர்வகலாசாலையினர் வினவியபோது, நூற்றுக்கு 63 பேர் தம் பாத்திரங்களின் குரலைக் கேட்பதாகவும், 61 பேர் அப்பாத்திரங்கள் தாமாகவே இயங்கவல்லன என்றும் விடையளித்தனர். இது 2020இல் வெளியாயிற்று. ஆகவே முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இவ்வனுபவம் மெய், அரிதானதும் அன்று.

பெரியோர்களே! மேல்நாட்டார் கணக்கெடுத்துச் சொன்ன பின்னரே இதை நம்பவேண்டிய நிலையில் நாம் இல்லை. நாம் படித்தது மிஷனரிமார் தொடங்கிய பாடசாலை. காலையிலே அங்கு வேதாகமக் கதை கேட்டோம். மாலையிலே லயத்து இஸ்தோப்பில் அம்மாயியின் மடியருகே பாரதக் கதை கேட்டோம். இரண்டும் எம்மை வளர்த்தன. ஆனால் இன்றைய பொருளுக்குத் துணைநிற்பது அம்மாயி சொன்ன பாரதமே. அதைப் பாடிய வியாச முனிவர் யார்? திருதராட்டிரனுக்கும் பாண்டுவுக்கும் விதுரனுக்கும் அவரே தந்தை. நூற்றுவரும் ஐவரும் அவருடைய பேரப்பிள்ளைகள். அவரே இயற்றிய காவியத்துக்குள் அவரே அடிக்கடி நடந்து வந்து, "வேண்டாம், இந்தப் பகை குலத்தை அழிக்கும்" என்று மகனிடம் எடுத்துரைக்கிறார். மகன் கேட்டானா? கேட்கவில்லை. காவியத்தின் கர்த்தா கண்கலங்கி நிற்கக் குருக்ஷேத்திரம் நடந்தேறுகிறது. தம் பாத்திரங்களை அடக்கமுடியாமற்போன முதற் கதாசிரியர் நம் வியாசரே என்றால் அது மிகையாகாது.

நம் தோட்டங்களிலே மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிறோமே, அதையும் எண்ணிப் பாருங்கள். ரதி வேடம் பூணுபவர் ஓர் ஆண்மகன். பகலிலே அவர் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நிற்பவர். விரதமிருந்து வேடங்கட்டி இரவிலே களத்திற்கு வந்துவிட்டால், அவரைப் பெயர் சொல்லி அழைக்க எவருக்கும் நா எழாது. மன்மதன் எரிந்தபின் அவர் ஒப்பாரி வைத்தால், கூடியிருக்கும் தாய்மார்கள் தத்தம் துக்கத்தையும் சேர்த்து அழுகிறார்கள். பொன்னர் சங்கர் கூத்திலே படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பும் கட்டத்தில், நடிக்கிறவர் எங்கே முடிகிறார், பாத்திரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலுமா? பாத்திரம் மனிதரை ஆட்கொள்வது எப்படியென்று நம் பாட்டன்மார் தப்பு முழக்கத்தின் நடுவே கண்டறிந்திருந்தனர்.

தமிழ் நாவலுக்கு வருவோம். கல்கி அவர்கள் "சிவகாமியின் சபதம்" நாவலை 1944 முதல் 1946 வரை தொடராக எழுதினார். மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சி. அவர்களுடன் இருந்தபோது உதித்த அக்கதையின் மாந்தரைப் பன்னிரண்டு ஆண்டுகள் நெஞ்சிலே சுமந்ததாக முன்னுரையில் அவர் சொல்கிறார். எழுதத் தொடங்கும் முன்பே சிவகாமியும் ஆயனரும் அவருக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருந்துவிட்டனர். அப்படி நெடுநாள் குடியிருந்தவர்களுக்கு வீட்டிலே உரிமை வந்துவிடுவது இயல்பல்லவா?

ஜெயகாந்தன் அவர்களின் கங்கா இன்னும் வியப்பானவள். 1966ஆம் ஆண்டிலே "அக்கினிப் பிரவேசம்" என்ற சிறுகதை ஆனந்த விகடனில் வெளியாயிற்று. மழையிலே வழி தவறிய ஒரு கல்லூரிப் பெண்ணைத் தாய் தலையில் நீரூற்றி, நீ தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்கிறாள். கதை முடிந்தது. ஆனால் வாசகரிடையே எழுந்த வாதம் முடியவில்லை. எழுத்தாளர் மனத்திலும் முடியவில்லை. தாய் அவ்வாறு மூடி மறைக்காமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து "சில நேரங்களில் சில மனிதர்கள்" பிறந்தது. 1972ஆம் ஆண்டு சாகித்திய அக்கடமிப் பரிசும் பெற்றது. அதன் பின்னும் அவள் விடவில்லை. 1978இல் "கங்கை எங்கே போகிறாள்" என்று மூன்றாம் முறையும் அவர் எழுதவேண்டியதாயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆசிரியர் மாற்றியது ஒரே ஒரு சூழ்நிலையை. தாய் செய்த ஒரே ஒரு செயலை. அதிலிருந்து எப்படி வாழ்வது என்பதைக் கங்காவே தேர்ந்துகொண்டாள் என்று சொல்லத் தோன்றும்படி அந்நாவல் நடக்கிறது. சந்தர்ப்பத்தைக் கொடுப்பது எழுதுபவர் கையில். அதனுள் நடந்துகொள்வது பாத்திரத்தின் கையில்.

இனி இரண்டாம் வினா. இது எப்படி நிகழ்கிறது? ஆவியும் அல்ல, அற்புதமும் அல்ல. நம் தாய்மார் கொழுந்து பறிக்கும் அழகைப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் தானே தேடிக் கிள்ளுகிறது. கண் பக்கத்து நிரைக்காரியைப் பார்க்கிறது. வாய் வீட்டுக் கதை பேசுகிறது. விரல் மட்டும் பிழை செய்வதில்லை. முதல் நாள் மலைக்குப் போன பெண்பிள்ளைக்கு இது வருமா? ஒவ்வொரு தளிரையும் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவாள். பத்தாண்டுப் பழக்கத்தின் பின் அவள் சிந்திக்க வேண்டியதில்லை. விரலுக்குள்ளே அறிவு இறங்கிவிடுகிறது. மார்ஜரி டெய்லர் குழுவினர் கூறும் விளக்கமும் ஏறக்குறைய இதுவே. மனிதரை நெடுங்காலம் கற்பனை செய்து பழகியவருக்கு அந்தப் பழக்கம் தானாக ஓடத் தொடங்குகிறது. தாம் எண்ணுவதாகவே தெரியாதபடி எண்ணம் ஓடுவதால், வேறொருவர் பேசுவதாகத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. விரலுக்குள் அறிவு இறங்குவதற்கு முன் செடியைத் தொட்டிருக்க வேண்டும். கதாபாத்திரம் பேசுவதற்கு முன், மனிதர் பேசுவதை எழுத்தாளன் கேட்டிருக்க வேண்டும். கேளாத காதுக்குள்ளிருந்து எந்தப் பாத்திரமும் பேசாது.

மூன்றாம் வினாவுக்கு வருகிறோம். இதிலே ஊவா மக்களுக்கு என்ன?

நண்பர்களே! ஒரு நாள் வேலையை நம் தோட்டங்களிலே என்ன சொல்லி அழைக்கிறோம்? "பேர்" என்கிறோம். பறித்த கொழுந்து குறைந்தால் "அரைப் பேர்". உலகத்திலே மற்றவர்கள் பிறந்தவுடன் பெறும் ஒன்றை, நம் மக்கள் நாள்தோறும் மலையேறி உழைத்துப் பெற்றார்கள். அதிலும் பாதியை இழந்தார்கள். தோட்டத்திலே செக்ரோலில் எண். அரசாங்கத்திலோ அதைவிடப் பெரிய எண். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேர். அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வோம் என்று முடிவாயிற்று. இரண்டு ஆசிரியர் சேர்ந்து வகுத்த கதைத்திட்டம் போல அது இருந்தது. கதையின் மாந்தரை எவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின்படியே எல்லாம் நடந்ததா? இல்லை. போனவர் போக, போக மறுத்தவர் பலர் இந்த மலைகளிலேயே நின்றனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தே எஞ்சிய நாடற்றவருக்குக் குடியுரிமை கிடைத்தது. ஆகவே, பிறர் எழுதிய திட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பது என்னவென்று நம் பாட்டிமாருக்கு எந்த நாவலாசிரியரும் கற்பிக்கத் தேவையில்லை.

இலக்கியத்திலும் நம் மக்களின் கதி நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. புதுமைப்பித்தன் 1930களிலே "துன்பக் கேணி" எழுதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துயரைத் தமிழகம் உணரச் செய்தார். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் வெளியிலிருந்து இரக்கத்தோடு பார்ப்பது ஒன்று. உள்ளிருந்து கேட்பது வேறொன்று. உள்ளிருந்து கேட்டவர்களுள் ஒருவர் நம் ஊவாவின் மைந்தர். 1934ஆம் ஆண்டில் ஹாலிஎலையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சூடிக்கொண்ட தெளிவத்தை ஜோசப் அவர்களையே சொல்கிறோம். 1974இல் அவருடைய "காலங்கள் சாவதில்லை" நாவலும், 1979இல் "நாமிருக்கும் நாடே" என்ற கதைத்தொகுதியும் நூலாயின. 2013ஆம் ஆண்டில் தமிழகத்து விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் அவர் மறைந்தார். அவருடைய "மீன்கள்" என்ற சிறுகதையைப் படித்தவர் மறக்கமாட்டார்கள். ஒற்றைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுதும் உறங்கவேண்டியிருப்பதால் நேரும் அவமானத்தை அது பேசுகிறது. அந்த மனிதர்களை நம் கண்ணீருக்காக அவர் பலியிடவில்லை. அவர்களுக்கு வெட்கம் உண்டு, கோபம் உண்டு, சாமர்த்தியம் உண்டு. ஒரு மனிதனிடம் இம்மூன்றும் இருக்குமானால், அவன் பிறர் சொன்னபடியே ஆடும் பாவையாக இரான்.

இதுவரை பிறர் கதை. இனி எமது கதையைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது.

சென்ற ஆண்டு விடுமுறையிலே நாமும் ஒரு நாவலைத் தொடங்கினோம். சிரிக்காதீர்கள். இருபது அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரித் திட்டம் அப்பியாசக் கொப்பியில் எழுதியாயிற்று. பதுளைக்கும் பசறைக்கும் இடையே ஒரு தோட்டம். தொங்கல் காம்பராவிலே ஒரு கிழவி. அவள் கொழுந்தெடுத்துப் படிக்கவைத்த பேரன் சர்வகலாசாலைக்குப் போகிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் வந்து, "இந்த லயத்தை விட்டு வா, டவுனிலே வாடகை வீடு பார்த்திருக்கிறேன்" என்று அழைப்பான். அவள் அவனைத் தழுவி ஆனந்தக் கண்ணீர் வடிப்பாள். இருபதாம் அத்தியாயத்தில், அவன் பரீட்சையில் தேறிய செய்தி கைத்தொலைபேசியில் வந்து சேரும் அதே நாழிகையில் அவள் கண்ணை மூடுவாள். வாசகர் அழுவர், பரிசு கிடைக்கும். அந்தக் கிழவிக்கு நாம் பெயர்கூட வைக்கவில்லை. "கிழவி" என்றே எழுதிவந்தோம்.

எட்டு அத்தியாயங்கள் தடங்கலின்றி ஓடின. ஒன்பதாவதில் பேனா நின்றது. தழுவி அழும் காட்சியை மூன்று முறை எழுதினோம். மூன்று முறையும் கிழித்தோம். பதினொரு நாட்கள் இவ்வாறே சென்றன. பன்னிரண்டாம் நாள் இரவு, அழவைக்கும் முயற்சியைக் கைவிட்டு, அந்த நேரத்தில் அவள் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்பதை மட்டும் எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். பிரட்டுக்கு நேரமாயிற்று. அவள் இடுப்பிலே படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பேரன் பேசுகிறான். அவள் நிமிர்ந்து பாராமலே சொன்னாள்: "வாடக வீட்டுக்கு வந்து நா என்னாத்தய்யா செய்யிறது? இந்த வாசல்ல நிக்கிற கொய்யா மரம் ஒங்கப்பன் பொறந்த வருசம் வெச்சது. அது நிக்கிற மண்ணுக்கு ஒரு உறுதி வாங்கிட்டு வா. பொறகு நா எங்க வேணுமின்னாலும் வாரேன்."

நாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். கொய்யா மரம் எமது திட்டத்தில் இல்லை. காணி உறுதி என்ற சொல்லே கொப்பியில் எங்கும் இல்லை. பல தலைமுறையாகக் குடியிருந்தும் வாசலடி மண்ணுக்கு உறுதியில்லாத குடும்பங்கள் நம் தோட்டங்களிலே எத்தனை என்பதை அறிந்திருந்தும், அதை எழுதவேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை. எமக்கு வேண்டியிருந்தது கண்ணீர். அவளுக்கு வேண்டியிருந்தது உறுதி. அந்த இரவோடு மீதிப் பதினொரு அத்தியாயத்தின் திட்டமும் பயனற்றுப்போயிற்று.

தெமோதரைப் புகையிரத வளைவை நீங்கள் அறிவீர்கள். நேரே இறங்கமுடியாத சரிவிலே பாதை சுற்றிவந்து தன் நிலையத்தின் அடியிலேயே புகுந்து செல்கிறது. வழி தெரியாமல் திகைத்த பொறியியலாளருக்குக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிய விதமே அந்த யோசனையைத் தந்தது என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. மெய்யோ பொய்யோ, எமக்கு நேர்ந்தது அதுவே. படித்தவன் வரைபடம் சரிவிலே நின்றுவிட, படங்கு கட்டிய கைகள் வழியைக் காட்டின.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? பல நாள் யோசித்தபின் தெரிந்தது. நாம் ஆறாம் வகுப்பில் படித்தபோது, லயத்து வாசலில் நின்ற மரத்தை வெட்டுவது பற்றி ஏதோ பேச்சு எழுந்தது. அன்று அம்மாயி பீலிக்கரையிலே யாரோ ஒருவரிடம் அந்த மரத்தின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் விளையாடிக்கொண்டிருந்தோம், கேட்டதாகவே நினைவில்லை. ஆனால் காது கேட்டிருக்கிறது. பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கிறது. பாத்திரம் எம்மை மீறிப் பேசியது என்று நாம் வியந்தது உண்மையில் என்ன? அம்மாயியின் குரல் எமது திட்டத்தை மீறிப் பேசியதுதான்.

கதை இத்துடன் முடியவில்லை. எழுதிய அத்தியாயத்தை அம்மாயிக்கே வாசித்துக் காட்டினோம். அவர் வெற்றிலையை மென்றபடி இறுதிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "இவ பேசுறது சரிதான். ஆனா பிரட்டு நேரத்துல இம்புட்டுப் பேச மாட்டா. பாதியில போயிருவா. மிச்சத்தச் சாயங்காலம் வந்துதான் சொல்லுவா." பதினொரு நாள் பட்ட பாட்டுக்கு இதைவிடச் சிறந்த விமரிசனம் எந்தப் பேராசிரியரிடமும் கிடைத்திராது. பின்பு அவர் கேட்டார்: "கடைசியில இவளுக்கு என்னா ஆகுது?"

எமக்கு வாய் எழவில்லை. மெல்ல, "செத்துப்போறா அம்மாயி" என்றோம்.

அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "படிச்ச புள்ளைங்க எழுதுற கதையில எல்லாம் நாங்க செத்துத்தான்யா போறோம்" என்றார்.

பெரியோர்களே, அன்று முதல் அந்தச் சிரிப்பு எம்மை விட்டபாடில்லை. நாம் அவர்களை நேசித்து எழுதுவதாகவே எண்ணியிருந்தோம். ஆனால் நேசத்தின் பெயரால், அழகான ஒரு மரணத்தை அவர்கள்மேல் சுமத்தியிருந்தோம். ஒப்பந்தம் எழுதியவர்கள் கேளாமல் விட்டதுபோலவே நாமும் கேளாமல் விட்டிருந்தோம். பாத்திரம் கீழ்ப்படிய மறுத்தது எழுத்தின் மர்மம் மட்டும் அன்று. அது எமக்குக் கிடைத்த கண்டனமுமாகும்.

நிற்க. பாத்திரம் சொன்னபடியே எழுதிவிட்டால் போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. சோம்பேறி எழுத்தாளனுக்கு அது நல்ல சாக்காகிவிடும். நபக்கோவ் என்ற நாவலாசிரியர் இப்பேச்சையே ஏற்றதில்லை. தம் பாத்திரங்கள் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளே என்று இறுமாப்போடு சொன்னார். அவர் சொல்லிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இதற்கும் நம் பாரதமே வழிகாட்டுகிறது. வியாசர் பாரதம் சொல்ல, விநாயகப் பெருமான் எழுத இசைந்தார். இடையில் நிறுத்தலாகாது என்று பெருமான் நிபந்தனை விதித்தார். பொருள் உணராமல் எழுதலாகாது என்று முனிவர் எதிர் நிபந்தனை விதித்தார். எழுதுகிறவனுக்கு இவ்விரண்டும் வேண்டும். பாத்திரம் பேசும்போது நிறுத்தக்கூடாது. பேசியதன் பொருளை உணராமல் ஏட்டில் ஏற்றவும் கூடாது. அம்மாயியிடம் வாசித்துக் காட்டியதால் அல்லவா பிரட்டு நேரத்துப் பிழை தெரியவந்தது? பேசவிடுவது ஒரு பாதி. சரிபார்ப்பது மறு பாதி.

வாலிப நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிலே பலர் கதை எழுதப்போவதில்லை. ஆனால் மனு எழுதுவோம், அறிக்கை எழுதுவோம், மேடையில் "எம் மக்கள்" என்று முழங்குவோம். அங்கெல்லாம் நாமும் ஆசிரியர்கள். நம் மக்கள் நமது பாத்திரங்கள். அவர்களுக்காகப் பேசும் முன் அவர்கள் பேசுவதைக் கேட்போம். நாம் நினைத்ததற்கு மாறாக அவர்கள் ஒன்று சொன்னால், நம் திட்டத்தைத் திருத்துவோம். அவர்களைத் திருத்த முற்படாதிருப்போம். அடுத்த ஆண்டு மலரிலிருந்து, தோட்டத்து மூத்தவர் ஒருவரின் பேச்சை, அவர் பேசிய தமிழிலேயே, ஒரு சொல்லும் மாற்றாமல் சங்கம் அச்சிடவேண்டும் என்று பிரேரிக்கிறோம். கேட்டு எழுதும் வேலையை நாமே ஏற்கவும் தயாராயிருக்கிறோம்.

மூத்தோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நீங்களும் ஒருவகையில் நாவலாசிரியர்களே. பிள்ளை பிறந்தவுடன் அவன் டாக்டராவான், இவள் டீச்சராவாள் என்று இருபது அத்தியாயத்துக்கும் திட்டம் போட்டுவிடுகிறீர்கள். ஒன்பதாம் அத்தியாயத்திலே பிள்ளை வேறு ஏதாவது பேசத் தொடங்கினால், பொறுமையோடு கேளுங்கள். வியாசருக்கே அடங்காத பிள்ளைகள் இருந்தார்கள்! மேலும், அந்தப் பிள்ளை பேசுவது எங்கோ ஒரு நாள் நீங்களே சொல்லி மறந்த சொல்லாகவும் இருக்கலாம்.

எமது நாவல் இன்னும் முடியவில்லை. பேரன் இப்போது உறுதிக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அது கிடைக்குமா என்பது எமக்கே தெரியாது. கிழவி உயிரோடு இருக்கிறாள். முன்பு எழுதிய எட்டு அத்தியாயங்களையும் மீண்டும் முதலிலிருந்து எழுதுகிறோம். ஏனெனில் அவளுக்கு இப்பொழுது ஒரு பெயர் உண்டு. அரைப் பேர் அன்று, முழுப் பெயர். தான் என்னவென்று அழைக்கப்பட விரும்புகிறாள் என்பதை அம்மாயியிடம் கேட்டே வைத்திருக்கிறோம்.